எட்டாவது பாட்டின் சுருதி

ஒலிப்பதிவு வேலையை விட்டு ஒரு வருடமாகிறது. இன்னும் வழியில் மறித்துக் கேட்கிறார்கள், பழைய பாட்டுகளை ஹைரெஸ், அதாவது உயர்துல்லிய ஒலி, என்று புதிதாகக் கொண்டு வருகிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று. வேடிக்கை என்னவென்றால் கேட்கிற சனத்திடமே பதிலும் இருக்கிறது. முல்லைத்தீவில் மீன் வாடி வைத்திருக்கும் ஒருவர், அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய ஹெட்போனைப் போட்டுக் கேட்டுவிட்டு, "முந்தி மதிலுக்கு அங்கால நிண்டு பாடினவா, இப்ப கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில இருக்கிறா" என்றார். வவுனியா பஸ் நடத்துனர் ஒருவர், பாடுகிறவர் மூச்சு எடுக்கிற இடமெல்லாம் கேட்டுத் தனக்கே இளைக்கிறது என்றார். இப்படிச் சனம் சொன்ன வசனங்களை எழுதி வைத்த கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. தொழில் படிக்க நான் வைத்திருந்த ஒரே புத்தகம் அதுதான்.

என்னுடைய பதிலைக் கேட்டால், எண்களைக் கண்டு மயங்க வேண்டாம் என்பேன். இருபத்து நான்கு பிட், தொண்ணூற்றாறு கிலோஹேட்ஸ் என்று பெட்டியில் எழுதுவது சுலபம். பாதிக்கு மேற்பட்ட வேலை அந்த எண்களுக்கு முன்னமே முடிந்துவிடும். நகலின் நகலை விட்டு மூல நாடாவைத் தேடி எடுக்க வேண்டும். அதை உலர்த்த வேண்டும். இயந்திரத்தின் வாசிக்கும் தலையை, அன்று பதிந்த தலை எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் வைக்க வேண்டும். இவ்வளவும் செய்தால், அடியில் கிடக்கிற மெல்லிய சத்தங்களை நசுக்காமல் எடுத்து வைக்க அந்தப் பெரிய எண்கள் உதவும். அடியில் கிடப்பது பெரும்பாலும் பாடுகிறவரின் மூச்சாக இருக்கும். எனக்கு ஒருமுறை அது நான் சொன்ன பொய்யாக இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் தொழில் படித்தது மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் றேடியோ திருத்தும் கடையில். உயிர் போன றேடியோக்களைக் கழற்றிப் பூட்டிப் படித்தேன். எத்தனையை எரித்தேன் என்று சொன்னால் சில வீட்டுக்காரர் இன்றைக்கும் கோபிப்பார்கள். கடை அருமைநாயகம் அண்ணையுடையது. திருத்துவது அவருக்குச் சோறு. பாட்டுப் பதிவதுதான் உயிர். பற்றறியில் ஓடும் ஸ்பூல் ரேப் இயந்திரம், அதாவது நாடாவில் பதியும் இயந்திரம், ஒன்றும் இரண்டு மைக்கும் வைத்திருந்தார்.

அண்ணை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதனால்தான் எனக்கு அவரிடம் பயம். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அசையாமல் நிற்பார். பதில் உடனே வந்தாலும், அது உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்த பதிலா, வாயிலிருந்தே வந்ததா என்று நிறுத்துப் பார்ப்பதுபோல ஒரு கணம் முகத்தைப் பார்ப்பார். நல்லாயிருக்கு என்று யாரும் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "அதை விடு தம்பி, மூச்சுக் கேக்குதோ?" என்பார்.

பதிவு நடப்பது ஒரு நெல்லுக் களஞ்சியத்துக்குள். நான்கு பக்கமும் கூரை உயரத்துக்கு மூட்டைகள். எதிரொலியை நெல் குடித்துவிடும். தூசிதான் பாடுகிறவர்களுக்கு எதிரி. ஒழுங்கையின் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, சைக்கிளில் வருகிறவர்களை இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொல்வோம். அண்ணை கதவுக்கு வெளியே குந்தியிருந்து, டிக்டிக் சத்தம் கேட்காமலிருக்கக் கைலேஞ்சியில் சுற்றிய மணிக்கூட்டைப் பார்த்து ஒவ்வொரு பாட்டின் நேரத்தையும் கொப்பியில் குறிப்பார். நாடாவின் தொடக்கத்தில் பாடுகிறவர் தன் பெயர், ஊர், இன்றைக்குத் தொண்டை எப்படி என்று சொல்லவேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, பின்னொரு காலத்தில் இயந்திரத்தைச் சரிப்படுத்துகிறவன் பாட்டைத் தேய்க்காமல் இந்தப் பேச்சில் வைத்துச் சரிப்படுத்தட்டும் என்றார். பின்னொரு காலம் என்று ஒன்று வரும் என்பதில் அந்த மனிசனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடுமையான ஒழுங்கு பற்றறி பற்றியது. யுத்தத்தால் வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. கடைகளில் வாங்கப் பற்றறியும் இல்லை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் கேட்ட காலம். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். நாங்கள் பதிவதற்கு உழவு இயந்திரத்தின் பற்றறியை இரவல் வாங்குவோம். மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இயந்திரத்தின் மோட்டர் தளர்ந்து நாடா மெதுவாக ஓடும். மெதுவாக ஓடும் நாடாவில் பதிந்ததைப் பிறகு சரியான வேகத்தில் போட்டால், பாட்டு விரைந்து சுருதி ஏறிக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மின்னழுத்தம் காட்டும் மீற்றரைப் பார்க்க வேண்டும். பற்றறியின் அமில நெடி பாடுகிறவர் தொண்டையில் ஏறாமலிருக்க அதையும் மீற்றரையும் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தோம். என் இடத்திலிருந்து மூன்று எட்டு வைக்கும் தூரம். ஒவ்வொரு பாட்டுக்கும் அண்ணை கதவைக் கொஞ்சம் திறந்து அதே குரலில் கேட்பார்: "மீற்றர் பாத்தனியோ?"

செல்வராணி பாட வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கோயில் பூசையில் பாடுவதைக் கேட்ட அண்ணை, எட்டுப் பக்திப் பாட்டுகளைத் தாமே தேர்ந்து, அவளுக்காக ஒரு பாட்டுக் கசற் போட நினைத்தார். பக்கவாத்தியம் இல்லை. ஒரு சுருதிப்பெட்டி மட்டும், கீழே விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, மேலே அவளுடைய குரல்.

ஏழு பாட்டுக்கு எழும்பிப் போய் மீற்றரைப் பார்த்தேன். ஏழாவதற்கு முள் எல்லைக்கோட்டில் நின்றது. மத்தியானத்துக்கு முன்னம் பற்றறியைத் திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. உழவு இயந்திரக்காரர் வந்து வேலியோரம் செருமிக்கொண்டு நின்றார். செல்வராணி கண்ணை மூடிச் சுருதியோடு ஒன்றிப்போய் இருந்தாள். நான் எழும்பினால் மூட்டை சரசரக்கும், அவள் கலைவாள். மற்றது, முள் கீழே இறங்கியிருந்தால் அன்றைக்கு எட்டாவது பாட்டே இல்லை. நான் எழும்பவில்லை. கதவு திறந்தது.

"மீற்றர் பாத்தனியோ?"

"ஓம் அண்ணை."

அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். கதவு மூடியது. நான் பட்டனை அழுத்தினேன்.

கசற் வெளியே போனபோது அந்த எட்டாவது பாட்டுத்தான் சனத்தைப் பிடித்தது. பாட்டுப் போகப் போகக் குரல் ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சரணத்தில் மனிசக் குரலே இல்லைப் போலிருக்கும். மாட்டுக்காரர் ஒருவர், "பிள்ளை மேல போய்க் கதவைத் தட்டுது" என்று சொன்னதைக் கொப்பியில் எழுதினேன். எழுதும்போதே அது எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியும். நகல் எடுக்கும்போது நேரம் பார்த்திருந்தேன். அண்ணையின் கொப்பியில் இருந்த நேரத்தைவிட நாடாவில் அந்தப் பாட்டு இருபது விநாடிக்கு மேல் குறைவாக ஓடியது. வீடுகளில் டைனமோவில் கேட்டவர்களுக்கு அது பிடிபட வழியில்லை. அவர்களுடைய பெட்டி ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஒரு வேகத்தில் ஓடியது. அண்ணை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு, "கடைசியில பிள்ளை ஏறிக்கொண்டே போகுது" என்றார். நான் திருப்புளியைத் தேடுகிறவன்போலக் குனிந்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. என்னை நம்பினாரா, நானாகச் சொல்வேன் என்று விட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

சில மாதம் கழித்துப் புளியங்குளத்துப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் அவளைப் பாட அழைத்தார்கள். ஒலிபெருக்கிக்கு உதவியாக அண்ணை என்னை அனுப்பினார். ஆர்மோனியக்காரர் கசற்றைக் கேட்டுப் பாடம் பண்ணியவர். சனம் கேட்ட சுருதியில்தான் பாடவேண்டும் என்று பிடிவாதமாகக் கசற்றின் கடைசிச் சரணத்துச் சுருதியை வைத்துக் கொடுத்தார். அது நாடா ஏற்றிய சுருதி, அவளுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் சரணத்தில் மேலே போன குரல் உடைந்தது. இன்னொரு முறை எடுத்தாள். அதுவும் உடைந்தது. பின்னாலிருந்து ஒருவன் சீட்டியடித்தான். கசற்றில் பாடினது வேறு ஆள் என்று யாரோ சொன்னார்கள். பிறகு ஒரு குரல், "கசற்றைப் போடுங்கோ" என்றது. ஒலிபெருக்கிக்காரர் சிரித்துக்கொண்டே போட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினால் நிறுத்தியிருக்கலாம். தன்னுடைய குரலே மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து தனக்கு எதிராகப் பாட, அவள் மேடையில் மைக்கைப் பிடித்தபடி பாட்டு முடியும்வரை நின்றாள். இறங்கிப் போனவள் அதற்குப் பிறகு எங்கேயும் பாடவில்லை.

இதற்குப் பிந்திய யுத்த வருடங்களை எல்லோரும் அறிவார்கள். இடம்பெயருமுன் அண்ணை நாடாக்களைப் பிஸ்கட் தகரங்களில் போட்டு, மெழுகால் மூடி, பீப்பாய் போன்ற பிளாஸ்ரிக் பரலில் அடைத்து வீட்டு வளவில் புதைத்தார். அவர் திரும்பி வரவில்லை. பரல் திரும்பி வந்தது.

நான் கடைசியாக வேலை செய்தது கிளிநொச்சியில், பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றும் சிறிய கூடத்தில். பொறுப்பாக இருந்தவர் சுகந்தி. நாடா பக்கம் நான், கணினிப் பக்கம் அவர். ஒருநாள் அவர், வெளிநாட்டிலிருக்கும் ஊர்ச்சனம் செல்வராணியின் எட்டுப் பாட்டையும் ஹைரெஸில் வெளியிடச் சொல்லிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றார். கடிதத்தில் ஒரு வேண்டுகோளும் இருந்தது: எதை வேண்டுமானாலும் துப்புரவாக்குங்கள், கடைசிப் பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள், நாங்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

பரலைத் தோண்டி எடுத்து வைத்திருந்த அண்ணையின் மகளிடமிருந்து தகரம் வந்தது. அண்ணையின் நேரக் கொப்பியும் அதற்குள் இருந்தது. நாடா ஈரம் குடித்துப் பசைபோல ஒட்டியது. அப்படியே ஓட்டினால் பாட்டுப் பதிந்திருக்கும் பூச்சு உரிந்து இயந்திரத்தில் அப்பிக்கொள்ளும். கோழிமுட்டை பொரிக்க வைக்கும் பெட்டி ஒன்றை வாங்கி, சூட்டை ஐம்பது பாகைக்கு மாற்றி வைத்திருந்தோம். அதற்குள் எட்டு மணித்தியாலம். முழுதாக ஆறவிட்டு எடுத்தால் சில நாளைக்கு ஓடும். அதுவும் முதல் ஓட்டம்தான் நம்பிக்கையான ஓட்டம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தூளாகக் கொட்டும்.

நாடாவைப் பூட்டித் தொடக்கத்தை மட்டும் ஓட்டினேன். "செல்வராணி. மல்லாவி. இண்டைக்குத் தொண்டை நல்லா இருக்கு." அந்த மூன்று வசனத்தையும் திரும்பத் திரும்ப ஓட்டி, தலையின் சாய்வுத் திருகாணியை மயிரளவு மயிரளவாகத் திருப்பினேன். போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்த குரல் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கடைசியில், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அவள் வெட்கத்தில் சிரித்து அடக்கிய மூச்சும் கேட்டது. அண்ணை சொன்ன பின்னொரு காலத்துக்கு நான்தான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

முழு நாடாவும் நிற்காமல் ஓடியது. பிறகு சுகந்தி பாட்டுகளைத் திரையில் விரித்தார். கசற் நகல்களில் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த சுருதிப்பெட்டி, இதில் அடியில் மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஏழு பாட்டிலும் கயிறு கட்டியதுபோல நேர்க்கோடு. எட்டாவதில் அது தொடக்கத்திலேயே கொஞ்சம் உயர்ந்து, பிறகு சாய்ந்து சாய்ந்து மேலே ஏறியது.

"ஐயா, சுருதிப்பெட்டி எப்பிடி ஏறும்?" என்றார் சுகந்தி.

அவரே எனக்கு வழி விட்டார். "மண்ணுக்குள்ள கிடந்த ரேப். இழுபட்டிருக்குமோ?"

"ஓம்" என்றேன். "இழுபட்டிருக்கும்."

அதே ஒரு சொல். கதவுக்கு வெளியே அண்ணை நிற்கிற மாதிரி இருந்தது. சுகந்தி தலையாட்டி, குறிப்பில் எழுதப் பேனையை எடுத்தார். எடுத்தவர் எழுதவில்லை.

"ஆனா ஐயா, ரேப் இழுபட்டா சுருதி இறங்கவெல்லோ வேணும்?"

அவர் சொன்னது சரி. இழுபட்ட நாடாவில் ஒவ்வொரு அலையும் நீண்டுபோகும். குரல் தடிக்குமே தவிர மெலியாது. முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பேனை மூடப்படும் சத்தம் கேட்டது. நான் கதிரையைத் திருப்பி, களஞ்சியம், மூட்டை, மீற்றர், புளியங்குளம் எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அவாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"அப்ப இதை நான் முடிவெடுக்கேலாது. நீங்களும் எடுக்கேலாது."

ஏழு பாட்டின் சுருதியை அளவாக வைத்து, எட்டாவதை அந்த நேர்க்கோட்டுக்கு இறக்கும் வேலையைச் சுகந்தி இரண்டு நாளில் செய்தார். முடிந்ததும் நேரம் பார்த்தேன். அண்ணையின் கொப்பியில் இருந்த நேரத்தோடு அச்சாக ஒத்தது. மூன்றாம் நாள் செல்வராணியைத் தேடிப் போனேன். புளியங்குளத்துக்கு உள்ளே வயல் செய்துகொண்டு இருந்தார். நான் மல்லாவிக் கடை நவரத்தினம் என்றதும் கதிரை எடுத்துப் போட்டார். பழைய பாட்டு விஷயமாகக் கிளிநொச்சிக்கு ஒருமுறை வரவேண்டும் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அந்தக் கதையை விடுங்கோ என்றார். உங்களுடைய பிழை இல்லை என்று காட்டத்தான் கூப்பிடுகிறேன் என்றேன். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார் அவர்.

வந்தார். ஹெட்போனை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். முதலில் வந்தது அவருடைய பத்தொன்பது வயதுப் பேச்சு. தொண்டை நல்லா இருக்கு என்றதைக் கேட்டு உதடு அசைந்தது. நேரே எட்டாவது பாட்டைப் போட்டோம், திருத்தியதை. அவ்வளவு உயரமில்லை, அவ்வளவு வேகமுமில்லை. ஆழமான, நிறைந்த, ஓர் இடத்திலும் தடுமாறாத குரல். கடைசிச் சரணத்தை இன்னொருமுறை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இது என்ர தொண்டைதான்" என்றார். "அப்ப மற்றது ஆர்?"

சொன்னேன். பற்றறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினார். "பற்றறியை விடுங்கோ. மீற்றர் பாக்காதது ஆர்?"

"நான்."

"அண்ணைக்குப் பாத்தனான் எண்டு சொன்னது?"

"நான்தான்."

"புளியங்குளத்தில ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில நிண்டதும் நீங்கள்தானே. உங்களைக் கண்டனான்."

சுகந்தி எழும்பி வெளியே போகப் பார்த்தார். செல்வராணி அவரை இருக்கச் சொன்னார். பிறகு யாரையும் பாராமல் பேசினார். வவுனியாவில் வைத்தியரிடம் தொண்டையைக் காட்டியது, மாதக்கணக்காக மல்லித் தண்ணி குடித்தது, ஒன்றும் பலிக்காமல் விட்டது. "அண்டைக்கு நெல்லுக்குள்ள இருந்து பாடேக்க எனக்குள்ள ஆரோ வந்து பாடிட்டுப் போனதெண்டு நினைச்சனான். ஒருக்கா வந்தது. நான் என்னவோ பிழை விட்டிட்டன், பிறகு வரேல்லை. இவ்வளவு காலமும் நான் விட்ட பிழை எது எண்டுதான் தேடினனான்."

மன்னிப்பு என்ற சொல்லை வீட்டிலிருந்தே ஆயத்தமாகக் கொண்டு போயிருந்தேன். அதைக் கேட்காமலே விட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. இன்றுவரை சொன்னதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த வேண்டுகோளைச் சுகந்தி வாசித்துக் காட்டினார். செல்வராணி ஹெட்போனின் வயரைச் சுற்றி மேசையில் வைத்தார். "அதையும் கடைசியில வையுங்கோ. கேட்டு அழுத சனம் பொய்யா அழேல்லை. எட்டாவதா இது. அதுக்குப் பிறகு பழசு. ஆனா ஏன் ரெண்டு எண்டு அட்டையில எழுதவேணும்."

நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன்: எட்டாவது பாட்டின் வேகம் திருத்தப்பட்டுள்ளது. வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இதில ஆக்கள் ஒருத்தரும் இல்லையே" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் என் கையால் எழுதினேன். பழைய பதிவில் சுருதி ஏறுவது பாடியவரால் அல்ல. மீற்றரைப் பார்க்காமலே பார்த்தேன் என்று சொன்ன ஒலிப்பதிவாளர் நவரத்தினத்தால். பாடியவர் சரியாகப் பாடினார். அட்டையில் அவ்வளவுக்குத்தான் இடம் இருந்தது. மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அன்றைக்கே, வெளியே அனுப்பும் பிரதியைக் கணினியிலிருந்து ஒருமுறை முழுதாக ஓட்டிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. செல்வராணி பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தார். சத்த அளவைக் காட்டும் மீற்றர் சுகந்தியின் மேசையில் இருந்தது. சுகந்தி தேநீர் ஊற்றக் குசினிப் பக்கம் போயிருந்தார். நான் என் கதிரையில் இருந்து பட்டனில் விரலை வைத்தேன்.

"மீற்றர் பாத்தனீங்களோ?" என்றார் செல்வராணி.

அண்ணையின் அதே குரல் இல்லை. ஆனால் கேட்டுவிட்டு அதே மாதிரி, பதில் வரும்வரை அசையாமல் இருந்தார்.

நான் பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். எழும்பிப் போய்ப் பார்த்தேன்.